எதிரே வருகிறவருக்கும் சேர்த்து

அந்தக் காரை நான் பார்த்துக் கொடுத்த ஒன்பதாம் நாள், அதன் வெளிச்சத்தில் கண் கூசி ஒருவர் மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்தார்.

காருக்குச் சொந்தக்காரர் ஈஸ்வரி. எருமப்பட்டியில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறார். பளீரென்ற வெள்ளை வெளிச்சம் தரும் செனான் ஹெட்லைட் போட்ட பழைய காரை வாங்கி அவரே ஓட்டுகிறார். எதிரே வருகிறவர்கள் எல்லாம் தன்னைப் பார்த்து லைட் அடித்துக் காட்டுகிறார்கள் என்று நாமக்கல்லில் இருந்த என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். எப்போது, எவ்வளவு பாரத்தோடு போகும்போது என்று நான் கேட்கவில்லை. காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டேன். ஃபால்ட் எதுவும் வரவில்லை. காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஃபோகஸைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன். முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற தைரியம்.

அதைச் சொல்ல அன்று இரவு போன் செய்த ஈஸ்வரியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. பரமத்தி வேலூர் போகும் வழியில், பொழுது சாயும் நேரத்தில் நடந்திருக்கிறது. விழுந்தவரைத் தூக்கி அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான்.

"ஏனுங்க, பின்னாடி ஆறு மூட்டை ஏத்தியிருந்தனுங்க. அதனால இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

நான் கேட்காமல் விட்டது அதைத்தான். பின்னால் பாரம் ஏறினால் காரின் மூக்கு மேலே தூக்கும், வெளிச்சமும் சேர்ந்து ஏறும். அதை உடனே கீழே இறக்குவதற்குத்தான் செனான் லைட்டில் ஆட்டோ லெவலிங் வைத்திருக்கிறார்கள். பின் ஆக்ஸில் பக்கம் ஒரு சென்சார், அதை ஆட்டுவதற்கு விரல் நீளத்தில் ஒரு லிங்க் ராடு. கார் எவ்வளவு தாழ்ந்தது என்று அதுதான் சொல்லும்.

மறுநாள் காலை காரை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தேன். ராடு உடைந்திருந்தது. முன்பு யாரோ சென்சாரின் கையை நடுவில் வைத்துக் கட்டுக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். எத்தனை மூட்டை ஏற்றினாலும் கார் காலியாக இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒயர் நன்றாக இருந்ததால் ஸ்கேனருக்கும் குறை தெரியவில்லை. முதல் நாளே நான் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்கேனர் ரிப்போர்ட் கையில் இருந்தது. அதைக் காட்டி ஒதுங்கியிருக்கலாம். ஒரு பகல் முழுக்க அந்த யோசனையும் எனக்கு இருந்தது என்பதை மறைக்கவில்லை.

விழுந்தவர் பெயர் முத்துசாமி. வெற்றிலைத் தோட்டக்காரர். காறை எலும்பு முறிந்து, ஏணி ஏறிக் கொடியில் வெற்றிலை பறிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பறிக்காத வெற்றிலை கொடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, காரின் அடியில் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"எனக்குக் காரே தெரியலீங்க. வெள்ளையா ஒரு செவுருதான் வந்துச்சு" என்றார். பிறகு, "இப்ப சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

பண்ணிவிட்டேன் என்றேன்.

"அப்ப நானே பாக்கறனுங்க. அந்த ரோட்டுல மறுபடி போகணுமில்ல?"

அடுத்த ஞாயிறு, அதே ரோட்டுக்கு, அதேபோல ஆறு மூட்டைகளோடு ஈஸ்வரி வந்தார். புது ராடு போட்டு, சென்சாரின் அளவைச் சரிசெய்யும் காலிபரேஷனும் முடித்திருந்தேன். இருட்டத் தொடங்கியதும், கையைக் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டபடி முத்துசாமி ரோட்டோரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். என் வேலையை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. கார் தூரத்திலிருந்து வந்தது. வெளிச்சம் தரையோடு நீண்டு வந்து, எங்கள் இடுப்புக்குக் கீழேயே நின்றது. ஸ்டீயரிங்கில் இருந்த ஈஸ்வரியின் முகம்கூடத் தெரிந்தது.

"மூஞ்சிக்கு வரலீங்க" என்றார் முத்துசாமி.

அதன் பிறகு, பின்னால் பாரம் ஏற்றி, முன்னால் போய் நின்று பார்க்காமல் எந்தக் காரையும் நான் வெளியே விட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹெட்லைட் சரியில்லை என்று நம்மிடம் வருகிறவர் வண்டிக்காரர் மட்டும்தான். எதிரே வருகிறவர் வந்து கேட்க மாட்டார். அவருக்காக நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.