பிறக்காத பன்னிரண்டு பயணிகள்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், போர்ட் பிளேரிலிருந்து மெட்ராஸுக்குப் புறப்பட்ட கப்பலில், நோயாளிகளுக்கென்று ஒதுக்கியிருந்த பன்னிரண்டு படுக்கைகளை உலகத்திலேயே இல்லாத பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தவன் நான்தான். லஞ்சம் வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தாலாவது ஊர் புரிந்துகொண்டிருக்கும். இலவசமாகக் கொடுத்தேன். அவர்களில் ஒருவருக்கு வயது நூற்று மூன்று. இன்னொருவருக்கு வயதே கிடையாது.

எங்கள் அலுவலகத்தின் வேலை, கப்பலில் யாருக்கு இடம் என்று பட்டியல் போடுவது. மே மாதம் தீவே மெயின்லேண்டுக்குப் போகத் துடிக்கும். கல்யாணம், கோயில், வைத்தியம், சும்மா. பட்டியல் போடுகிறவன் கையெழுத்தில் அவனுடைய சொந்தக்காரர்கள் பெயர்தான் முதலில் வருகிறது என்று வருஷா வருஷம் புகார். புதிதாக வந்த அதிகாரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "மிஷினுக்கு மச்சான் கிடையாதுய்யா" என்றார். கும்பகோணத்துக்காரர், வந்த இரண்டு வருஷத்தில் பாதிப் பேச்சு ஹிந்தியாகி விட்டிருந்தது.

ஆனால் மிஷின் மெட்ராஸில் இருந்தது. ஓர் அறை முழுக்க உட்கார்ந்திருக்கும் கணிப்பொறி. எங்களிடம் இருந்தது அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் மிஷின் ஒன்று மட்டும். ஆக ஏற்பாடு இப்படி: விண்ணப்பங்களையும் ப்ரோக்ராமையும் இங்கே அட்டைகளில் ஓட்டை போட்டு, தகரப் பெட்டியில் அடைத்து, கப்பலில் அனுப்புவோம். அங்கே ஓட்டுவார்கள். அடுத்த கப்பலில் பட்டியல் வரும். கப்பலில் யார் ஏறுவது என்று தீர்மானிக்க, முதலில் அட்டைகள் கப்பல் ஏற வேண்டும்.

ப்ரோக்ராம் எழுதும் பயிற்சிக்கு மெட்ராஸில் ஆறு வாரம் என்று அறிவித்தபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். என்ன பயிற்சி என்று விசாரித்தது கப்பல் ஏறிய பிறகு.

அங்கே சொல்லிக்கொடுத்ததில் ஒன்று மட்டும் என் மண்டையில் நின்றது. ப்ரோக்ராமிடம் உண்மையைக் கொடுப்பதற்கு முன்னால் பொய்யைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடை நமக்கு முன்பே தெரிந்த பொய்யாக இருக்க வேண்டும். பொய் சொல்வதென்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா. பன்னிரண்டு பயணிகளை உருவாக்கினேன். பெயர் வைக்கவில்லை, பயணி ஒன்று, பயணி இரண்டு என்று எண்தான். நோயாளிகளுக்கான விதிதான் சிக்கலானது என்பதால் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வியாதி கொடுத்தேன். மிஷின் எதில் தடுமாறும் என்று பார்க்க, முதலாவது ஆளுக்கு நூற்று மூன்று வயது கொடுத்து, இன்னொருவருக்கு வயதையே விட்டுவிட்டேன்.

மெயின்லேண்டில் இருக்கிறவன் ஒரு சோதனையை ஓட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்து அடுத்ததை ஓட்டலாம். எனக்கு ஒரு சோதனைக்கு ஒரு கப்பல். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு கப்பல் என்றால் அதற்குள் பயணி ஒன்றுக்கு நூற்று நான்கு வயதாகிவிடும். அதனால் கட்டளை அட்டைகள் என்று தனியாக ஒரு கட்டு எழுதினேன். ப்ரோக்ராமை ஏற்று, முதல் பயணியை ஓட்டு, நான் எழுதி வைத்த விடையோடு ஒப்பிடு, சரி அல்லது தவறு என்று ஒரு வரி அச்சடி, அடுத்தவனுக்குப் போ. பன்னிரண்டும் முடிந்ததும் நிஜ விண்ணப்பங்களை ஓட்டு. மனிதக் கை படாமல் எல்லாம் தானாக நடக்கும். பஞ்ச் மிஷினில் வேலை செய்த பெண் அதை ஓட்டை போட்டுக் கொடுத்தாள். வங்காளத்துக் குடியேறிகளின் மகள், தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவாள், என்னைத் தாதா என்பாள். அவர்கள் பாஷையில் அண்ணன், ரௌடி இல்லை. தீவின் ஈரக் காற்றில் அட்டை உப்பிக்கொண்டால் மெட்ராஸ் மிஷின் அதை விழுங்காது. அதனால் நாள் முழுக்க பல்பு எரியும் அலமாரியில் அட்டைகளைக் காயவைத்து, பெட்டிக்குள் அரிசி முடிச்சு ஒன்றும் போட்டு அனுப்பினோம்.

பதில் வந்தது. பன்னிரண்டு வரி, பன்னிரண்டும் சரி. அந்த சந்தோஷத்தில் கீழே இருந்த பட்டியலை நான் படிக்கவே இல்லை. "பொய்ப் பயணிகள் இத்தோடு முடிந்தார்கள், இவர்களைத் தூக்கி எறி" என்று சொல்லும் ஒரே ஓர் அட்டையை எழுத மறந்திருந்தேன். மிஷின் அவர்களைத் தூக்கி எறியவில்லை. கப்பலில் ஏற்றிவிட்டது.

துறைமுகத்தில் ஒலிபெருக்கி அழைத்தது: "பயணி ஏழு, பயணி ஏழு, ஜல்தி ஆயியே, சீக்கிரம் வாங்க." அரை மணி நேரம் அழைத்தார்கள். கடைசிவரை இடத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, ஓதம் இறங்குகிறது என்று ஏணியைத் தூக்கிவிட்டார்கள். பன்னிரண்டு படுக்கையும் காலியாக வங்கக்கடலைப் பார்த்துக்கொண்டே போயின. கரையில் நின்றவர்களில், எங்கள் ஊர் ஜங்லிகாட் பகுதியில் கடை வைத்திருந்த பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

தூண்டில் முள்ளும் சோப்பும் லாந்தர் திரியும் விற்கும் கடை. பாயின் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு வலது கண்ணில் அழுத்தம். மழை பிடிப்பதற்குள் மெட்ராஸ் போய் அறுவை செய்யாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். காத்திருப்போரில் முதல் பெயர் அக்காவுடையது. அடுத்த பயணிக் கப்பல்தான் மழைக்கு முந்தைய கடைசிக் கப்பல்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். பாய் என்னை உட்கார வைத்து, ஜங்லிகாட் முழுக்கக் கேட்கும் குரலில் விசாரித்தார்.

"வாங்க தம்பி. அந்தப் பன்னெண்டு பேரும் சொகமாப் போய்ச் சேந்தாகளா? கடுதாசி எதுவும் போட்டாகளா?"

"பாய், தப்பு என்னோடதுதான்."

"இதுல என்ன தப்பு இருக்கு. நூத்தி மூணு வயசு ஆளு, பாவம், அவரு போகட்டும். இவளுக்கு என்ன, இன்னொரு கண்ணு இருக்குல்ல."

பாய் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அரை மணி நேரம் பேசினார். அக்கா கண்ணில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் தைத்தது.

அதிகாரி கூப்பிட்டார். இரண்டு உத்தரவு. நோயாளியோடு துணைக்கு வருகிறவரையும் சேர்த்து இடம் கொடுக்கும்படி ப்ரோக்ராமை மாற்ற வேண்டும். இரண்டாவது, சோதனை என்ற பேச்சே இனிமேல் கூடாது.

"முதல் உத்தரவுப்படி மாத்தினா, ரெண்டாவதுல வேண்டாம்னு சொன்ன சோதனை கட்டாயம் வேணும் சார்" என்றேன்.

"அரே, அந்தப் பன்னெண்டு பேராலதான்யா மானம் போச்சு."

"அவங்க மேல குத்தம் இல்ல சார். பெத்தவன் மேலதான். இந்தத் தடவை ஒரு கதவு போடறேன். பன்னெண்டுல ஒண்ணு தவறினாலும் நிஜப் பட்டியல் அச்சாகாது. மிஷின் அங்கேயே நின்னுடும்."

"அப்போ கப்பல் காலியாப் போகுமா?"

"தப்பான ஆளை ஏத்திக்கிட்டுப் போறதுக்குப் பதிலா நாம கையாலயே லிஸ்ட் போட்டுடலாம்."

"நஹி சலேகா, அதெல்லாம் நடக்காது. அந்தச் சோதனையை எடுத்துடு. இல்லேன்னா கார் நிக்கோபார் தீவுக்கு மாத்திடுவேன்."

"அங்க போறதுக்கும் கப்பல்ல இடம் வேணுமே சார். லிஸ்ட் நம்மகிட்டதான் இருக்கு."

சோதனைகளை நீக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு கேட்டேன். எழுதித் தரவில்லை. எழுதித் தராத உத்தரவுக்குக் காது கேட்காது என்று நான் முடிவு செய்தேன். வெறும் வீறாப்புதான், இல்லை என்று சொல்லவில்லை; ஆனால் ஒரு தடவை முட்டாளாகிவிட்டால் அடுத்த தடவை அதிலும் பழுத்த முட்டாளாவது சுலபம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஈரத்துணியை மறுபடியும் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே பன்னிரண்டு பேரையும் வைத்துக்கொண்டேன். ஏழாவது பயணி கண் தெரியாத ஒரு பெண். துணை வேண்டும் என்பதால் அவளுக்கு ஒரு கணவனைக் கல்யாணம் செய்து வைத்தேன். தூக்கி எறியும் அட்டையையும் மறக்கவில்லை. பஞ்ச் போட்ட பெண் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது இருக்கு தாதா, மேரி கஸம், சத்தியமா" என்று காட்டிய பிறகுதான் பெட்டியை மூடினேன். பயணிகளை ஏற்றாத ஒரு சரக்குக் கப்பலில் அது மெட்ராஸ் போனது.

மூன்று வாரம் கழித்துப் பயணிக் கப்பல் வந்தது. சரக்கு இறக்க நான்கு நாள் நிற்கும், பிறகு புறப்படும். பெட்டியைத் திறந்தோம். மேலே ஒரு தாள். பதினொரு வரி சரி. ஏழாவது மட்டும் தவறு.

கதவு வேலை செய்திருந்தால் அதற்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் தடியாக ஒரு பட்டியல் இருந்தது.

"நான்தான் மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சேன்" என்றார் அதிகாரி. "சோதனை தவறினாலும் நிஜத்தைத் தனியா ஓட்டி அனுப்புங்கன்னு. ஒண்ணுதானேய்யா தவறியிருக்கு. கொண்டுபோய் போர்டுல ஒட்டு."

நான் பட்டியலைப் புரட்டினேன். கடை பாய் பெயர் நோயாளிகள் படுக்கையில் இருந்தது. அக்காவின் பெயர் காத்திருப்போரில் இருந்தது. பார்த்தவுடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த வரியை எழுதிய மேதாவி நான். நோயாளியின் அட்டைக்குப் பின்னால் துணையின் அட்டை வரும். பின்னால் வந்தவர் பெயரை முன்னால் இருந்தவர் இடத்தில் எழுத விட்டிருந்தேன். மனைவியின் படுக்கையில் கணவர் வந்து படுத்துக்கொண்டார். என் தப்பை, நான் பெற்ற பயணியே காட்டிக்கொடுத்திருந்தாள்.

அதிகாரி பட்டியலை வாங்கக் கை நீட்டினார். எனக்கு என்ன தோன்றியதோ, அதை என் நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருய்யா."

"மாட்டேன் சார்."

"கவர்மெண்ட் காகிதம் அது."

"நானும் கவர்மெண்ட் ஆள்தான் சார். கசங்காது."

அலுவலகம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எழுந்தால் அந்தக் காகிதம் போர்டுக்குப் போகும், போர்டுக்குப் போனால் டிக்கெட் எழுதப்படும், பிறகு யார் சொல்லியும் மாறாது. "ஏழாவது தவறுன்னு மிஷினே சொல்லியிருக்கு" என்றேன். "மிஷினுக்கு மச்சான் கிடையாதுன்னு சொன்னது நீங்கதான். நான் சொன்னா நம்ப வேண்டாம். துணையோட போறவங்க எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க."

வங்காளத்துப் பெண் என்னைக் கொஞ்சம் எழும்பச் சொல்லி, அடியிலிருந்து தாள்களை உருவி, ஒரு பென்சிலோடு தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் தலை நிமிர்ந்தாள்.

"சார், எல்லா ஜோடியும் உல்டா. நோயாளி எல்லாம் இங்க. நல்லா இருக்கறவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி தாள்களை வாங்கி, ஒவ்வொரு ஜோடியாகத் தானே விரல் வைத்துப் பார்த்தார்.

"கையால திருத்து" என்றார் கடைசியில். "ஆனா அடுத்த தடவை அந்தப் பன்னெண்டு பேரும் இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டாங்க சார். பதிமூணு பேர் இருப்பாங்க."

திருத்தினோம். நோயாளிகள் படுக்கைக்கும் துணைக்கு வந்தவர்கள் மேல்தளத்துக்கும் போனார்கள். இரண்டு நாள் பிடித்தது. என்னை எங்கும் மாற்றவில்லை. மாற்றினால் கட்டளை அட்டைகளை எழுத வேறு ஆள் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெட்டி போன ஒவ்வொரு தடவையும் என் பொய்ப் பயணிகள்தான் முதலில் போனார்கள், ஆளைக் கூட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

கப்பல் புறப்படும் நாள் துறைமுகத்துக்குப் போனேன். வழியனுப்ப என்று சொல்லிக்கொண்டேன். பாராட்டு வாங்கத்தான் போனேன். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாய் பின்னால் நின்று, கூலிக்காரரிடம் டிரங்குப் பெட்டியை எப்படித் தூக்குவது என்றும், கப்பல்காரரிடம் கப்பலை எப்படி ஓட்டுவது என்றும், அக்காவிடம் ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நடந்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். சோதனை, கதவு, தந்தி, நாற்காலி. நாற்காலியைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

"மெட்ராஸ்லேருந்து வந்த லிஸ்ட்டை அப்படியே ஒட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமாக்கா? பாய் மட்டும் கப்பல் ஏறிப் போயிருப்பாரு. நீங்க இங்கேயே தனியா நின்னுருப்பீங்க."

அக்கா திரும்பி பாயை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அதையே ஒட்டியிருக்கலாம்ல தம்பி."