மீன் மேல் போட்ட பழி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பெண்களில், கண் எழுதுகிற வேலையைத் துர்காவிடம்தான் கொடுப்பார்கள். பிள்ளையாருக்குக் கண், குருவிக்குக் கண், உண்டியல் பூனைக்குக் கண். கை நடுங்காது. பேச்சு குறைவு. கம்பெனி விட்டால் வீடு என்று இருந்தவளுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது.

மாப்பிள்ளை நந்தகுமார் அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்த்தான். ட்ராலியில் சரக்கை அடுக்கிச் சூளைக்குள் தள்ளுவான், வெந்து வந்ததை இறக்குவான். குடி கிடையாது. அதட்டிப் பேசத் தெரியாது. துர்காவுக்கு அவனைப் பிடித்துத்தான் போயிற்று.

ஆலப்புழைப் படகு வீட்டுக்கு அவர்களை அனுப்பியது துர்காவின் அப்பா கொளஞ்சிநாதன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "எம்பொண்ணு வெலிங்டன் ஏரியத் தவுர வேற தண்ணியப் பாத்ததில்ல, போயிட்டு வரட்டும்" என்று சொல்லி, வாடகையையும் அதற்கு மேல் கேட்ட டெபாசிட்டையும் தன் போனிலிருந்தே அனுப்பினார். கம்மாபுரம் பக்கம் அவருக்கு இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன காலத்தில், நட்டஈட்டுக்காக வருஷக்கணக்கில் அலைந்து வாங்கியவர் அவர். "நமக்கு வர வேண்டியத நாம வுட்டா, நம்மளயே வுட்டுருவானுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இரண்டு இரவு தங்குவதாகப் பேச்சு. முதல் நாள் நன்றாகவே போனது. படகில் சமையல் பார்த்த பிஜு, கோயம்புத்தூர் பேக்கரியில் வேலை செய்த ஆள். தமிழ் நன்றாகப் பேசினார். அவர் பொரித்துக் கொடுத்த கரிமீனைப் படம் எடுத்துத் துர்கா அப்பாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் படகின் முன்பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஓடினாள். அறைக் கதவின் கண்ணாடி சிதறிக் கிடக்க, நந்தகுமார் தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை. கரண்டு அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். படகு ஓட்டுகிறவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்து அவன் கையில் திணிக்கப் பார்த்தார். பிஜு அதைத் தள்ளிவிட்டு, கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே தன் துண்டை மடித்து வைத்தார்.

"பயப்படாதீங்க சேச்சி. தானா நிக்கும். என் தங்கச்சிக்கும் இது உண்டு."

நின்றது. படகைத் திருப்பினார்கள். கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் மாத்திரையை எப்போது நிறுத்தினாய் என்று நந்தகுமாரைக் கேட்டார். எந்த மாத்திரை என்று துர்காவுக்குப் புரியவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துலேருந்து" என்றான். பிறகு அவளிடம் மெல்லச் சொன்னான்: "நீ பாத்துடுவியேன்னு."

அந்த நேரம் பார்த்து அப்பா போனில் கூப்பிட்டார். என்ன பாப்பா, போட்டுல எங்க போறீங்க என்று கேட்டார். கட்டிலிலிருந்து நந்தகுமார் கையெடுத்துக் கும்பிட்டான். துர்காவின் வாயில் வந்தது இதுதான்: "இவங்களுக்கு ஒடம்பு சரியில்லப்பா. நேத்து சாப்புட்ட மீனு ஒத்துக்கல போலருக்குது. திரும்பி வந்துடறோம்."

ரயிலில் வரும்போது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வலிப்பு வந்ததையும், அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததையும் அவன் சொன்னான். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன அழைச்சிட்டுப் போயிடுவாரு. கம்பெனியிலயும் சூளப் பக்கம் வுட மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாத துர்கா." பிஜுவிடமும் அப்படியே கேட்டுக்கொண்டானாம். துர்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே கொளஞ்சிநாதன் படகு முதலாளிக்குப் போன் போட்டார். நடுவில் இறங்கிப் போனது நீங்கள், வாடகை திரும்பாது என்றார் முதலாளி. டெபாசிட்? கண்ணாடிக் கதவு உடைந்திருக்கிறது, அதற்குப் பிடித்தாயிற்று. கொளஞ்சிநாதன் மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணாடி எப்புடி ஒடஞ்சிது?"

"மயக்கத்துல சாஞ்சிட்டாங்கப்பா."

"மயக்கம் எதனால வந்துது? மீனால. மீனு யாரு போட்டது? அவந்தான். அப்ப கண்ணாடிக்கு நாம எதுக்குக் குடுக்கணும்?"

அவர் கணக்கில் பிசகே இல்லை. அடியில் இருந்தது மட்டும் பொய். மகள் அனுப்பிய மீன் படத்தையே எடுத்து, கெட்டுப்போன மீனைப் போட்டு ஆளைச் சாகடிக்கப் பார்த்தார்கள் என்று இணையத்தில் எழுதிப் போட்டார். உணவுத் துறைக்கு எழுதுவேன், கோர்ட்டுக்குப் போவேன் என்று முதலாளிக்குத் தினமும் குரல் பதிவு அனுப்பினார். டீக்கடையில், ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லாம் இதே பேச்சு. கேட்டவர்கள் நந்தகுமாரைப் பார்க்கும்போதெல்லாம், "மீன் ஜாக்கிரத மாப்ள" என்று சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

ஒரு மத்தியானம் கம்பெனியில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

"சேச்சி, நான் பிஜு. போட்ல சமையல்."

அவள் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

"ஓனர் என்னை நிறுத்திட்டார் சேச்சி. மீன் விஷயம் படிச்சிட்டு ரெண்டு பார்ட்டி கேன்சல் பண்ணிட்டாங்க. வேற போட்லயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. சாருக்கு வாக்கு கொடுத்தேன், அதனால சொல்லலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மீன் கெட்டதில்லைன்னு. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை. "கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் எழுதிய கண்களில் பாதியை மேஸ்திரி திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் நந்தகுமார் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததுமே சொன்னாள். மாமியார் அம்புஜவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஊரு பேரு தெரியாத எவனுக்கோ புருசன் மானத்த ஏலம் வுடப் போறியா?"

"அந்த ஊரு பேரு தெரியாதவருதான் அத்த இவங்க மானத்தக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு. வேல போயும் வாயத் தொறக்கல."

"எம்புள்ளய வலிப்புக்காரன்னு ஊரு சொல்லணுமா?"

"வலிப்பு வந்தது இவங்க தப்பு இல்ல. மறச்சதுதான் தப்பு. எனக்காகன்னு மாத்திரய நிறுத்திட்டு, நெருப்புக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டு இருக்காங்களே, அது தெரியுமா ஒங்களுக்கு?"

அம்புஜவல்லிக்கு அது தெரியாது. மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களே எங்கப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் துர்கா அவனிடம். "நான் சொன்னா அது வேற மாரி ஆயிடும்."

"சொல்றேன்" என்றான். ஆனால் சொல்லவில்லை. அதற்குள் கொளஞ்சிநாதனே வந்துவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் லீவு போடுங்க. மணவாளநல்லூர் போறோம். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிப்புடுவோம். கோர்ட்டு கேஸெல்லாம் இழுக்கும். சாமி பாத்துக்குவாரு."

அந்தச் சுற்று வட்டாரத்தில் கடன் கொடுத்து ஏமாந்தவர், நகையைப் பறிகொடுத்தவர், பங்காளியிடம் வஞ்சிக்கப்பட்டவர் எல்லாரும் போய் நிற்கிற இடம் மணவாளநல்லூர் கோயில். போலீஸுக்கு எழுதுவதைப் போலவே, நடந்ததைத் தாளில் எழுதி, எதிராளியின் பேரைக் குறிப்பிட்டு, கொளஞ்சியப்பராக இருக்கிற முருகன் சன்னதியில் வைத்து வாங்கிக் கட்டிவிட்டு வருவார்கள். அங்கே பொய்யை எழுதினால் எழுதினவர் மேலேயே திரும்பும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொளஞ்சிநாதனுக்குப் பேர் வைத்ததே அந்தச் சாமியின் பேரைத்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். ஒரு தூணோரமாக உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக் கொளஞ்சிநாதனே எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். தன் மகளும் மருமகனும் ஆலப்புழை போன கதை, முதலாளி பணத்தைப் பிடித்துக்கொண்ட கதை. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"கெட்ட மீனப் போட்ட சமையக்காரன் பேரு என்ன பாப்பா?"

துர்கா நந்தகுமாரைப் பார்த்தாள். பக்கத்தில் பிராது எழுதிக்கொண்டிருந்த ஒரு கிழவர்கூட இவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நந்தகுமார் மெல்ல எழுந்து, செருப்பு விட்ட இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

"அந்தப் பேர எழுதாதீங்கப்பா."

"ஏன்?"

"மீனு நல்ல மீனு. நானுந்தான் சாப்புட்டேன். இவங்களுக்கு வலிப்புப்பா. போட்டுல வந்துது. அந்தச் சமையக்காரருதான் புடிச்சிக் காப்பாத்துனாரு. நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

கொளஞ்சிநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை மூடினார். எழுந்து போய், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மருமகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எப்பலேருந்துடா? எப்பலேருந்து?"

கூட்டம் கூடிவிட்டது. நந்தகுமார் தடுக்கவில்லை. துர்கா இடையில் வந்து அப்பாவின் கையைப் பிரித்தாள். "வேற தாளு வாங்கிட்டு வா" என்றார் அவளிடம். "இவன் மேலயும் இவங்கம்மா மேலயும் எழுதறேன். ஏமாத்திக் கட்டிக்கிட்டானுங்கன்னு எழுதறேன்."

"எம்பேருல நீங்க எதுவும் எழுத வேணாம்பா." என்றாள் அவள். "எனக்கு என்ன வேணும்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா நானே எழுதிக்குவேன். மொதல்ல அந்த மொதலாளிக்குப் போன் போடுங்க. எழுதிப் போட்டத எடுங்க."

அவர் மகளை வெறித்துப் பார்த்தார். அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. போனை எடுத்தார், ஆனால் எண்ணை அழுத்தவில்லை. தப்பு என்று ஒருவரிடம் சொல்லிப் பழகாத மனிதர்.

"குடுங்க மாமா" என்று கையை நீட்டினான் நந்தகுமார்.

அத்தனை பேர் நடுவில், கிழிந்த சட்டைப் பையோடு அவன் பேசினான். "சார், ஆலப்புழ போட்டுல வந்த நந்தகுமார் பேசறேன். எனக்கு வலிப்பு சார். சின்ன வயசுலேருந்து இருக்குது. மாத்திர போடாம வுட்டது என் தப்பு. கண்ணாடிய ஒடச்சதும் நாந்தான். மீனுல ஒண்ணும் இல்ல. பிஜு அண்ணன நிறுத்திட்டீங்களாம், அவரத் திரும்பக் கூப்புட்டுக்குங்க." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டான். போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

துர்கா அன்று அப்பாவோடுதான் போனாள். கணவனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லியிருக்கலாம்."

படகு முதலாளி கண்ணாடிக்கு ஆனதைக் கழித்துக்கொண்டு மீதி டெபாசிட்டை அனுப்பினார். வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கொளஞ்சிநாதன் எழுதிப் போட்டதை அழித்துவிட்டு, நடந்தது தவறு என்று நாலு வரி எழுதினார். அந்த நாலு வரிக்கு ஒரு பொழுது பிடித்தது. மீதிப் பணத்தைப் பிஜுவுக்கே அனுப்பச் சொன்னாள் துர்கா. அவர் வாங்கிக்கொண்டார். வேலையில்லாமல் இருந்த மனிதர், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. பழைய முதலாளி திரும்பக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் சேர்ந்துவிட்டதாக ஒருநாள் போனில் சொன்னார். தன் தங்கச்சி சாப்பிடுகிற மாதிரி மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும் என்று சாரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

நந்தகுமார் கம்பெனியில் தானாகவே போய் விஷயத்தைச் சொன்னான். வேலையை விட்டு எடுக்கவில்லை. சூளையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். சம்பளம் குறைந்தது. பைக்கை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து போனான். மாதம் ஒரு தடவை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். இதையெல்லாம் துர்கா பேட்டையில் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். அவள் அப்பா வீட்டுக்கு வந்து அவன் கூப்பிடவும் இல்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று யாரிடமோ சொன்னானாம்.

கொளஞ்சிநாதன் வக்கீலைப் பார்ப்போமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அவளோ ஒரு மாதம், அவன் புதுச்சேரி போகிற நாள் தெரிந்து, காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"பஸ்ஸு வந்துடுச்சி, ஏறுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கூட வந்திருப்பது யார் என்று கேட்டார். நந்தகுமார் தயங்கினான். "சம்சாரம்" என்றாள் துர்கா. பிறகு டாக்டரிடம் அவளே கேட்டாள்: குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, அதற்கும் வருமா, எத்தனை வருஷம் மாத்திரை, எப்போது நிறுத்தலாம். சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

ஆடி கழிந்ததும் அவள் திரும்பிப் போனாள். எதையும் மறைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அம்புஜவல்லி வாசலில் நின்று, "வா" என்றாள். அதற்கு மேல் இருவரும் இன்னும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. கொளஞ்சிநாதன் மகளைப் பார்க்க வருவார். மருமகன் நாற்காலியை எடுத்துப் போட்டால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் சமாதானமாக நாளாகும் என்று துர்காவுக்குத் தெரியும். அவள் அவசரப்படுத்தவில்லை.