ஸ்பிரேயரில் மிச்சமிருந்தது

கொரோனா வந்த புதிதில் பஸ் ஓடவில்லை. காரைக்காலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். அம்பகரத்தூரில் வீட்டோடு கிடந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை ஒருமுறை அலசிவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றித் தோளில் மாட்டிக்கொண்டேன். வாசல், வேலி, சைக்கிள் என்று ஒன்றையும் விடவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி, “இதுங்களுக்கும் அடிங்கண்ணே” என்று தன் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். நீட்டிய கைகளிலும் அடித்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மனைவி கூப்பிட்டாள். “இங்க வந்து பாருங்க, வேலியில அவரைக்கொடி பூரா முறுக்கிக்கிட்டு நிக்குது. அன்னைக்கு எதுல அடிச்சீங்க?”

அப்போதுதான் உறைத்தது. சம்பாவுக்குக் களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயர் அது. செல்வி வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

“கையெல்லாம் மஞ்சக் கறையா இருந்திச்சேன்னு அப்பவே சோப்பு போட்டுக் கழுவிவிட்டேண்ணே. சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல” என்றாள்.

இப்போது களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர். அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, வயல் மோட்டார் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி என்னிடம் இல்லை, மனைவியிடம்.