சிங்கமா, பாலா?

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாரசீக இலக்கியம் கற்பிக்கிறேன். செஞ்சியில் இருக்கும் என் வீட்டாருக்கு அது என்ன வேலை என்று இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால் நைனா, "பாப்பா டெல்லி பக்கம் பாஷ சொல்லிக் குடுக்குது" என்று முடித்துக்கொள்வார். நான் முனைவர் பட்டம் வாங்கிய புதிதில், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் எங்கள் பெரியம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாஷய யாருகிட்ட பேசுவ?" என்று கேட்டாள். பாரசீகத்தை நான் படித்திருக்கிறேன், அதில் எழுதியிருக்கிறேன், வகுப்பில் சத்தமாக வாசித்திருக்கிறேன். யாரிடமும் பேசியதில்லை. என் ஆசிரியரும் அப்படித்தான்.

போன கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஆட்டோ ஓட்டும் என் தம்பி கோட்டையிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, ஈரான்லேர்ந்து ஒரு அம்மாவும் பொண்ணும் சவாரி வந்துருக்காங்க. உன் பாஷதான? சீக்கிரம் வா."

கட்டியிருந்த புடவையோடு ஓடினேன். ராஜகிரி மலையடிவாரத்துப் பெருமாள் கோயில் வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறுமி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வரவேற்பைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து மளமளவென்று பேசத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எந்த ஊர் என்று கேட்டு ஏதேதோ சமாளித்தேன். இந்தக் கோயிலைப் பற்றித் தெரியுமா என்றதற்கு அவள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது 'தெரியாது' என்பதன் பேச்சு வடிவம் என்று விளங்கவே வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே ஒரு தூணில் சிங்கம் செதுக்கியிருந்தது. சிறுமிக்குக் காட்டலாமென்று, "அதோ, ஷேர்" என்றேன். சிங்கத்தை எங்கள் வகுப்புகளில் அப்படித்தான் சொல்வோம். தாய் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ தேடினாள். பிறகு நிதானமாக, "யார் எழுதியது?" என்று கேட்டாள். அவர்கள் ஊர்ப் பேச்சில் அந்த ஒலி கவிதையைக் குறிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுதிக் காட்டினால் தீர்ந்தது என்று போனில் அந்தச் சொல்லை எழுதி நீட்டினேன். "ஷீர்" என்று படித்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டாள். சிறுமி வேகமாகத் தலையாட்டினாள். சிங்கத்தையும் பாலையும் அந்த மொழியில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்; அவர்கள் ஊரில் இரண்டையுமே 'ஷீர்' என்றுதான் படிப்பார்கள்.

"இன்னாக்கா வேணுமாம்?" என்றான் தம்பி.

"பால்."

"சிங்கத்தப் பாத்துட்டா பால் கேக்குறாங்க?"

டீக்கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தான். சிறுமி குடித்து முடித்ததும், வேறு வழியில்லாமல் நான் விரல்களை வளைத்துக்கொண்டு உறுமிக் காட்டினேன். சிறுமிதான் முதலில் புரிந்துகொண்டு சிரித்தாள். தாய் தூணைப் பார்த்து, என்னைப் பார்த்து, நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

கவிதை கேட்டாளே என்று பக்கத்துப் பழைய மசூதிக்கு அழைத்துப்போனேன். அங்கே கல்லில் பாரசீக வரிகள் உண்டு. பள்ளிச் சிறுமியாக வந்தபோது அவற்றை ஏதோ பூவேலை என்று நினைத்திருந்தேன். அவள் வாசித்தாள். எத்தனையோ தடவை நான் படித்த வரி, கேட்டறியாத வரிபோல இருந்தது. பிறகு நான் வாசித்தேன். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். இங்கே இதைச் செதுக்கச் சொன்னவர்கள் எப்படி உச்சரித்திருப்பார்கள்? அவளைப் போலவா, என்னைப் போலவா? இத்தனை வருடப் படிப்பில் இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவே இல்லை என்று குழம்பிப்போய் நின்றேன்.

வெளியே வந்ததும் அவள் புத்தக நடையில், சொல் சொல்லாக நிறுத்திக் கேட்டாள். நீங்கள் ஆப்கானிஸ்தானா? அங்கே சிங்கத்தை இன்னும் 'ஷேர்' என்றுதான் சொல்கிறார்களாம். இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் தந்தை? தாத்தா?

"இன்னா கேக்குறாங்க?" என்றான் தம்பி.

"நாம எந்த ஊருன்னு கேக்குறாங்க."

"இதே ஊருதான்னு சொல்லு."

சொன்னேன். அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அவர்களுடைய திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி ஆட்டோவைக் கிளப்பினான்.