கையைப் பின்னால் கட்டியவர்

சிவமலர் ரீச்சர் வகுப்பில் நிற்கும்போது இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் டிசைன் அண்ட் டெக்னாலஜி என்கிற கைவேலைப் பாடம் படிப்பிக்கிறார். நான் அங்கே பட்டறை உதவியாளன். கண் மூடித் திறப்பதற்குள் செய்து முடிக்கிற பிள்ளையும் உண்டு, அடிமட்டத்தை வாசிக்கவே திணறுகிற பிள்ளையும் உண்டு. யாருடைய மரத்தையும் ரீச்சர் தொடமாட்டார். "தொட்டால் அது என்ர வேலையாப் போயிடும்" என்பார். எனக்கு அது வெறும் வீம்பாகவே பட்டது.

அந்த வீம்பு எனக்கும் கொஞ்சம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். துஷ்யாவுக்குப் பதினாறு வயது. எழுத்தும் அளவும் மெதுவாகத்தான் ஏறும். பரீட்சைக்காக ஒரு ஸ்டூல் செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய தகப்பன் ஜெராட் என்னிடம் வந்து, "வாமதேவன் அண்ணை, ஸ்டூலைத் தாய்க்குக் காட்டிப்போட்டுக் கொண்டந்து தாறன்" என்று கேட்டார். பாரிசில் பதினைந்து வருடம் தச்சுவேலை செய்த மனிதர், எங்கள் ஆள். பரீட்சை வேலையைப் பள்ளிக்கு வெளியே விடக்கூடாது என்று தெரிந்தும் கொடுத்தேன்.

திங்கள் காலை ஸ்டூல் கடையில் வாங்கியது போல வந்தது. துஷ்யா செய்த கோணல் கால்கள் நாலும் போய், நேரான புதுக் கால்கள் இருந்தன. ரீச்சரின் முகம் கறுத்துவிட்டது. இது பிள்ளையின் சொந்த வேலை என்று அவர் ஒப்பமிட வேண்டும். பொய்யாக இட்டால் அவருடைய வேலை போகும். இடாவிட்டால் துஷ்யாவுக்குப் பூச்சியம். ஒப்படைக்க ஐம்பது நிமிடம்தான் இருந்தது.

துஷ்யா பையைத் திறந்தாள். பழைய கால்கள் நாலும் உள்ளே இருந்தன.

"அப்பா குப்பையில போட்டவர், மிஸ். நான் எடுத்து வைச்சனான்."

"புதுசைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டு. நடந்ததையும் நான் எழுதித்தான் குடுப்பன்" என்றார் ரீச்சர்.

நான் போனில் கூப்பிட்ட ஜெராட் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றபோது, இரண்டு கால்கள் பூட்டியாகிவிட்டன. மூன்றாவதில் ஸ்க்ரூ வழுக்கி விழுந்தது. ஜெராட் பாய்ந்து முன்னே வந்தார்.

"அண்ணை, கையைப் பின்னால கட்டுங்கோ!"

ரீச்சர் போட்ட அதட்டலில் ஜெராட் நின்று கையைப் பின்னால் கட்டினார். நானும் கட்டிக்கொண்டேன்.

நாலாவது காலும் ஏறியபோது மூன்று நிமிடம் மீதி. ஸ்டூல் லேசாக ஆடியது. துஷ்யா ஏறி உட்கார்ந்தாள். தாங்கியது.

"பாருங்கோ அப்பா, இது என்ர" என்றாள்.

ரீச்சர் நடந்ததை எழுதி ஒப்பமிட்டார். ஜெராட்டின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் பின்னால் கட்டிய கையை எடுக்கவில்லை.