சூடாக இருந்த எஞ்சின்

போன வருஷம் ஸ்கூல் திறந்த புதிதில் நடந்தது இது. நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். சனிக்கிழமை வந்தாலே எனக்கு அலுப்பு தட்டிய நாட்கள். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்று வாங்குவதற்காக, வாராவாரம் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தோம்.

ஆடம்பரத்துக்காக இல்லை. எங்கள் பத்து வயது மகளுக்கு ஆட்டிசம். ஹோட்டல் ரூமில் கண்ணை மூட மாட்டாள். திடீர்ச் சத்தம் ஆகவே ஆகாது. மூன்று வருஷமாக எங்கேயும் போகவில்லை. அவள் படுக்கையே கூட வந்தால் அவளும் நாலு இடம் பார்ப்பாளே என்றுதான். ஆனால் அவளைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டோம். கேட்டால் "கொஞ்சம் ஷை" என்போம். கோயிலில் ஒரு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு, பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்லும் பரிகாரத்தைக் கேட்டுக் கேட்டு வந்த புத்தி அது.

பத்து வண்டி பார்த்தாயிற்று. இரண்டு பேர், நாங்கள் போவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகத் திணறும் கோளாறை மறைத்திருந்தார்கள். அதிலிருந்து என் கணவருக்கு ஒரே சட்டம். எஞ்சின் சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

பதினொன்றாவது வண்டி ஒரு அமெரிக்கப் பெண்மணியுடையது. ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். நாங்கள் மூவரும் உள்ளே இருக்கும்போது சாவியைத் திருப்பினார். உடனே வீலென்று அலாரம் அடித்தது; பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வதால், காற்று நிரம்பும் வரை அப்படி அடிக்குமாம். மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டாள். அவர் உடனே நிறுத்தினார். அவளுக்குக் காய்ச்சல் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, அடுத்த வாரம் வருகிறோம் என்று கிளம்பினோம்.

அடுத்த சனிக்கிழமை போனால், வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, சூடு பண்ணி வெச்சிருக்காங்க. இறங்காத, போலாம்" என்றார் என் கணவர்.

எனக்குத் தாங்கவில்லை. இறங்கிப் போய் அந்தப் பெண்மணியிடம், எதை மறைக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கத்திவிட்டேன். அத்தனை வாரக் கோபமும் அவர் தலையில் விடிந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. காற்று நிரம்பிவிட்டால் அலாரம் அடிக்காது, உங்கள் பெண்ணுக்காகத்தான் முன்கூட்டியே ஓடவிட்டேன் என்றார். தன் பஸ்ஸிலும் இப்படி இரண்டு பிள்ளைகள் வருகிறார்களாம். எஞ்சின் ஆறியபிறகு இன்னொரு நாள் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், அன்றைக்கு மட்டும் அவளைக் கூட்டி வராதீர்கள் என்றார்.

அதற்குள் மகள் தானாகவே ஏறிப்போய், பின்னாலிருந்த படுக்கையில் படுத்திருந்தாள். நான் வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் என் கணவர் தனியாகப் போய்ப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அந்த வண்டியையே வாங்கிவிட்டோம். விற்பவர்கள் எல்லாரும் எதையாவது மறைக்கிறார்கள் என்று அத்தனை நாள் சலித்துக்கொண்ட நான்தான், அந்தப் பெண்மணியின் வாசலில் நின்று என் மகளையே மறைத்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.