கம்பிவேலி வாசலில் என் பை

அந்தக் காலத்தில் தினமும் இரண்டு கம்பிவேலிகளைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். ஒன்று எங்கள் ரப்பர் தோட்டத்து வேலி. இன்னொன்று, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த சீனர்களின் புதுக்கிராமத்து வேலி. வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஊரிலிருந்து அரிசி போய்விடக் கூடாது என்று, காட்டோரத்தில் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். அந்த வேலிக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன்.

பெரிய படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர். அவருடைய பிடிவாதத்தால் மலாக்கா டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஒன்பதாவது வரை படித்தேன். அவ்வளவுதான். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூட மணியடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிப்பார்களா என்று காத்திருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். டவுனில் ஆங்கிலம் படித்தவர்கள் யாரும் அந்தச் சாலையில் பஸ் ஏறத் துணியவில்லை. அதனால் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளியில் சீனம் தெரியாத ஒரே ஆள் நான்தான். வகுப்பில் நுழைந்தால் முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து குனிந்து வணங்குவார்கள். உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். சேர்ந்து சொல்லச் சொன்னால் கூரைத் தகரம் அதிரச் சொல்வார்கள். தனியாக ஒருவரைக் கேட்டால் தலை குனிந்துகொள்ளும். தப்பாகச் சொல்லி அவமானப்படுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்தார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நானும் அப்படித்தானே. அதனால் அவர்களைப் பேச வைப்பதை விட்டுவிட்டு எழுத வைத்தேன். எழுத்தில் கொட்டினார்கள். வீட்டுக் கோழி, செத்துப்போன தம்பி, விட்டுவந்த மரவள்ளித் தோட்டம் என்று எல்லாம் வந்தது. பாதி வாக்கியங்களுக்குக் காலும் இருக்காது, தலையும் இருக்காது. ஆனால் சொல்ல வந்தது எனக்கு விளங்கும்.

வாரத்துக்கு ஒருநாள் ஆசிரியர் கூட்டம். இரண்டு மணி நேரம் சீனத்தில் பேசுவார்கள். நடுவில் எல்லாரும் சிரித்தால் நானும் லேசாகச் சிரித்து வைப்பேன். கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன். எதற்குப் போட்டேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலைமையாசிரியர் மரியாதையான மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது பார்க்க வந்தால் என்னைக் காட்டி ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். வெளியாள் என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வாசல் சோதனை.

அந்த வேலிக்குள்ளே எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வெளியே ஒரு பருக்கை கொண்டுவரக் கூடாது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிற பெண்கள் விடியற்காலையில் வரிசையாகக் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மதியம் வரை பட்டினி. நான் கட்டிக்கொண்டு போகும் சோற்றில் மீதி இருந்தால் பள்ளிக்கூடத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அடுக்குச்சட்டியைக் கழுவி, ஒவ்வொரு தட்டாக வாசலில் திறந்து காட்ட வேண்டும். பிறகு ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகைக்குள், சாக்குத் திரைக்குப் பின்னால் என்னைத் தடவிப் பார்ப்பார்கள். புடவைக் கொசுவத்துக்குள் கை விட்டு, கொண்டையை அமுக்கி. தினமும். நான் டீச்சர் என்று அட்டை வைத்திருந்தேன், படம் ஒட்டிய அட்டை. அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தடவுவார்கள்.

சோதனை செய்தவள் ஒரு தமிழ்ப்பெண். பக்கத்துத் தோட்டத்திலிருந்து எடுத்திருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கை வேலை பார்க்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். வீட்டில் என்ன குழம்பு, எப்போது கல்யாணம் என்று கேட்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சீனப் பெருநாள் முடிந்து பள்ளி திறந்த அன்று நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் வகுப்பில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு நின்றுபோனதால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். அவளுடைய அப்பாவை முந்தைய வருஷம் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பேச்சு. அம்மா பால்மரம் வெட்டி இவளையும் இரண்டு சின்னதுகளையும் காப்பாற்றினாள். அந்தக் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே போலீஸ் புத்தகத்தில் இருந்தது. இன்னொரு முறை ஏறினால் அம்மாவும் போய்விடுவாள் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலையில் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, இரண்டு கைகளாலும் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். வாழை இலையில் சுற்றி, சிவப்புக் காகிதம் ஒட்டிய பெருநாள் பலகாரம். மலாய்க்காரர்கள் குவே பாக்குல் என்பார்களே, தட்டையாக, பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும், அது. அவர்கள் வழக்கத்தில் ஆசிரியருக்குப் பெருநாள் பலகாரம் கொடுக்காமல் விட்டால் அது வீட்டுக்கே அவமானம். கொடுத்ததை வாங்காவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம். நானும் இரண்டு கைகளாலும் வாங்கிப் பையில் வைத்தேன். முந்தைய வருஷம் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். வாசலில் ஒன்றும் சொல்லவில்லை, காவல்காரர்களே இரண்டு எடுத்துக்கொண்டார்கள். இது அரிசிமாவில் செய்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பலகாரம் என்றுதான் தோன்றியது. தினமும் சோற்றை அத்தனை பயந்து பயந்து கொட்டியவளுக்கு இது தோன்றவில்லை.

அன்று பெருநாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி, திருத்துவதற்காக நோட்டுகளையும் அதே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கொட்டகையில் அக்கா பையைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னா டீச்சர் இது?"

"பெருநாள் பலகாரம்க்கா."

"பலகாரம்னா? அரிசிமாவுதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே போட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் திரையை விலக்கி வெளியே பார்த்தாள். அன்று பார்த்து வட்டாரத்து வெள்ளைக்கார அதிகாரி வாசல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லலா டீச்சர். போன வாரம் ஒருத்திய விட்டுட்டேன்னு எனக்கே ஓலை வந்திருச்சு. நம்ம ஆளுன்னு இதையும் விட்டா, நாளைக்கு என் சோத்துல மண்ணு."

அவள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

அதிகாரியின் மேசையில் என் பையைக் கவிழ்த்தார்கள். அடுக்குச்சட்டி, குடை, பொட்டலம், முப்பத்தொரு நோட்டுகள். அதிகாரி இளவயதுக்காரர், கையில் வேர்க்குரு. யார் கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். திரும்பக் கேட்டார். இதற்கு ஆங்கிலம் தெரியுமா என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் கேட்டார். ஆங்கில டீச்சராம் என்று அவர் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள்.

தலைமையாசிரியரை ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பள்ளிக்கூடம் எதுவும் கொடுக்கவில்லை, தனக்கு எதுவும் தெரியாது, இவள் வெளியாள் என்று தெளிவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து மலாயில், பெயரைச் சொல்லிவிடு, உன்னை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றார். அவர் பயம் அவருக்கு. ஆனால் எந்தப் பிள்ளை, எந்த வீடு என்று அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெயரை என் வாயால் வரவழைக்கப் பார்த்தார். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் வாயைத் திறக்காததால் அதிகாரி பொழுதுபோக்காக நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. பெருநாளைப் பற்றி எழுதச் சொன்னேன் அல்லவா? அம்மா பலகாரம் செய்ததையும், அதில் ஒன்றை இன்று மிஸ்ஸுக்குக் கொண்டுவந்ததையும் அந்தப் பெண் எழுதாமல் விட்டிருப்பாளா? அவளுடைய நோட்டு பழுப்புக் காகித அட்டை போட்டு நீல நூலால் தைத்தது. அடுக்கில் நான்காவதாக இருந்தது.

முதல் நோட்டிலிருந்து ஒரு வரியை உரக்கப் படித்தார். ஒரு பையன் தன் மாமா ஒன்பது கிண்ணம் சோறு சாப்பிட்டதைப் பற்றி எழுதியிருந்தான். வார்த்தைகள் முன்பின்னாகக் கிடந்தன. அதிகாரி அதை அந்தப் பையனின் குரலிலேயே படிப்பதுபோல இழுத்து இழுத்துப் படித்தார். போலீஸ்காரர் சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்தார். இரண்டாவது நோட்டையும் அப்படியே படித்துவிட்டுக் கீழே போட்டார், அது தரையில் விழுந்தது. மூன்றாவதை எடுத்தார்.

பயத்தில் பேசினேனா, கோபத்தில் பேசினேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம்தான் முதலில் வந்தது. ஆனால் அந்த இழுத்த குரலைக் கேட்டதும் பயம் போய்விட்டது. கூரை அதிரச் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள்.

"சார், இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருஷமாகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யோசிக்காமல், "நாலு" என்றார்.

"இந்தப் பிள்ளைகள் ஒன்றரை வருஷத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சீனத்தில் ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள். நானும் சிரிக்கிறேன்."

என் குரல்தான் அது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. தரையில் கிடந்ததை எடுத்து, அவர் கையிலிருந்ததையும் வாங்கி, எல்லா நோட்டுகளையும் பையில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. பலகாரம் யார் கொடுத்தது என்று மறுபடி கேட்டார், இந்த முறை சிரிக்காமல். பள்ளியில் இருந்தது, நான் எடுத்துக்கொண்டேன், தப்பு என்னுடையது என்றேன். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னேன். கடைசியில் என் அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பலகாரத்தைக் கத்தியால் நாலாக வெட்டி, உள்ளே கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாக்கடையில் எறிந்தார்கள். ஒரு அம்மா இரவு பகலாக அடுப்பு அணையாமல் அவித்தது அது.

தோட்டத்துக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "வாயில்லாத பிள்ளைன்னு நெனச்சேன். பேசத்தான் பேசுன, அங்கயா போய்ப் பேசணும்?" என்றார்.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர் தேவைப்படுகிறார் என்று இரண்டே வரி. நோட்டுகளை வாசலில் ஒப்படைத்துவிடவும் என்று கீழே ஒரு வரி.

ஒன்றை மட்டும் விட்டு, மற்ற முப்பது நோட்டுகளையும் சிவப்பு மையில் திருத்தினேன். ஒன்பது கிண்ணம் சாப்பிட்ட மாமாவுக்கு நல்ல மதிப்பெண் போட்டேன். பிறகு நீல நூல் தைத்த நோட்டைப் பிரித்தேன். நான் நினைத்தபடியே இருந்தது. அம்மா மாவு அரைத்தது, சர்க்கரை காய்ச்சியது, கூடையில் ஊற்றி அவித்தது, ஒன்றை மிஸ்ஸுக்கு என்று தனியாக எடுத்து வைத்தது எல்லாம் இருந்தது. வகுப்பிலேயே சிறந்த பக்கம் அதுதான். மிஸ் எங்கள் வீட்டுப் பலகாரத்தைச் சாப்பிடுவார்கள் என்று முடித்திருந்தாள்.

வாசலில் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தேன். நடுவில் தைத்த தாள் ஆதலால் அதன் மறுபாதியும் கழன்று வந்துவிட்டது. முந்தைய மாதம் மிக நன்று என்று நான் எழுதிக்கொடுத்த பக்கம் அது. இரண்டையும் அடுப்பில் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று ஒரு வரி எழுதிவைக்கவும் வழியில்லை. அதையும் படிப்பார்களே.

வாசலில் அக்காதான் வாங்கிக்கொண்டாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக உதறினாள்.

"எல்லாம் கடுதாசிதான் டீச்சர்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா தெனமும் மரம் வெட்ட வருது. நாந்தான் தடவி அனுப்புறேன்" என்றாள்.

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த வேலிகள்தான் அன்று நாட்டைக் காப்பாற்றின என்று இப்போதும் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. இருக்கலாம், எனக்கு அரசியல் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வகுப்பில் முப்பது பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை இருந்தது. மிச்சமிருந்த ஒருத்தி நோட்டைத் திறந்தபோது, தான் எழுதிய பக்கமும் இல்லை, டீச்சர் பாராட்டிய பக்கமும் இல்லை. அவள் வாய்விட்டுக் கேட்கிற பெண்ணும் இல்லை. பலகாரத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டவள் என்றுதான் என்னை நினைத்திருப்பாள். அப்படி இல்லை என்று போய்ச் சொல்ல எனக்கு அட்டை இல்லை.